ஓடக்காரர் சொன்னது

எந்தப் படத்தைப் பார்த்தாலும் சரி, பாதிக் கதையில் ஓர் ஆள் வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பவே இல்லையென்றால் எனக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்கிறது. "இந்த ஆள் எங்கம்மா போனார்?" நான் திரும்பிப் பார்ப்பதில்லை. குரலுக்கு உரியவர் இறந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான் என்பதுபோல அந்த ஆளைக் கடைசிக் காட்சிவரை தேடிக்கொண்டிருப்பேன்.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் காலனியில் அவரை எக்ஸ்சேஞ்ச் அக்கா என்போம். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். இங்கே சொல்லப்போவதில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர்களுக்கு ட்ரங்க் கால் போட்டுக் கொடுக்கும் வேலை. நாற்பது வயதிருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம், காதில் ஹெட்போன் அழுத்திய தழும்பு. வேலைக்குக் கிளம்பும்போது வேகவேகமாக நடப்பார், திரும்பி வரும்போது தெருவில் ஒவ்வொரு வீட்டையும் நின்று விசாரித்துக்கொண்டு வருவார்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது ஒரு கரடியால். சிரிக்காதீர்கள், உண்மை.

எழுபதுகளின் தொடக்கம். எங்கள் காலனி சங்கத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஹால் இருந்தது. மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ஆறரைக்கு அங்கே படம் போடுவார்கள். ஏதோ ஓர் ஐரோப்பிய நாட்டின் அலுவலகம் மவுண்ட் ரோடு பக்கம் இருந்தது. அவர்கள் இலவசமாகக் கொடுத்தனுப்பிய பொம்மைப் படம். வரைந்த பொம்மைகள் நடக்கும், பேசும். ஒரே கதை, பதினோரு பாகம், மாதத்துக்கு ஒரு பாகம். நிழல்களைத் திருடி வைத்துக்கொள்ளும் ஒரு ராணி, நிழலைப் பறிகொடுத்த ஒரு சிறுமி, அவளுக்குத் துணையாக ஒரு கரடி. பேசும் பாஷை ஹாலில் ஒருவருக்கும் புரியாது. படச்சுருள் டப்பாவோடு ஆங்கிலத்தில் டைப் அடித்த இரண்டு தாள் வரும். பீச் ஸ்டேஷன் பக்கம் டைப்பிஸ்ட்டாக வேலை பார்த்த நான், டப்பாவையும் தாளையும் வாங்கிக்கொண்டு எலெக்ட்ரிக் ட்ரெயினில் வந்து, தமிழாக்கி, மைக்கில் படிக்க வேண்டும். சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிற பெண்ணுக்கு மைக் பயம் இருக்காது என்று சங்கத்தார் தீர்மானித்துவிட்டார்கள். இருபத்திரண்டு வயதில் ஹால் முழுவதும் என் குரல். கால் தரையில் பாவவில்லை.

முதல் பாகம் முடிந்து விளக்குப் போட்டதும் அக்கா நேரே என்னிடம் வந்தார்.

"அந்தக் கரடி வந்துது, போச்சுன்னு படிச்சியே, ஏன்?"

"கரடிதானேக்கா?"

"அது பேசுதில்ல? பேசறவங்களை அதுன்னு சொல்லாதம்மா."

"அப்போ அவன்னு சொல்லவா?"

"முதுகைப் பார்த்தியா? உட்காரும்போது முட்டியில கை ஊன்றார் பார்த்தியா? அறுபது வயசு இருக்கும். அவர்னு சொல்லு."

ஆங்கிலத் தாளில் 'ஹீ' என்று இருந்தது. தமிழில்தான் இந்தத் தொல்லை. ஓர் ஆள் வாயைத் திறக்கும் முன்பே அவனா, அவரா, அதுவா என்று நாம் முடிவு கட்டியாக வேண்டும். அடுத்த மாதம் நான் "கரடியார் வந்தார்" என்று படித்ததும் ஹால் கொல்லென்று சிரித்தது. புரொஜெக்டர் ஓட்டுகிற பெருங்களத்தூர் அண்ணன் அக்காவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாக்கா இது, கரடிக்குப் போயி மரியாதியா? ஒன்னோட ஒரே பேஜாரா கீதுக்கா."

"நீ படத்தை ஓட்டுப்பா. அவர் யாருன்னு நாங்க பார்த்துக்கறோம்" என்றார் அக்கா.

ஆறாம் பாகத்தில் கரடியார் பனியில் விழுந்து எழுந்திருக்கவே இல்லை. அந்த மாதம் ஒருவரும் சிரிக்கவில்லை. புரொஜெக்டர் அண்ணன் வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். 'அது விழுந்தது' என்று படித்திருந்தால் நாங்கள் எல்லோரும் முறுக்கைக் கடித்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்போம்.

அக்காவின் அபிப்பிராயங்கள் எல்லாம் இப்படித்தான். ஓவியம் அழகா, வண்ணம் நன்றாக இருக்கிறதா என்றெல்லாம் பேசவே மாட்டார். ஆள்தான். "இந்த இளவரசனை எல்லாரும் நல்லவன் நல்லவன்னு சொல்றாங்களே, அவன் மேல கோபப்படறதுக்கு இந்த ஊர்ல ஒருத்தர்கூடவா இல்லை? யாருக்கும் கோபம் வராத ஆள் ஆளே இல்லம்மா, வெட்டி வெச்ச அட்டை." நிழல் ராணி எட்டாம் பாகத்தில் திடீரென்று அழுதபோது அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏழு மாசம் கல்லு மாதிரி இருந்துட்டு இப்ப அழுதா நான் ஏன் நம்பணும்? நடுவுல ஒரு தடவையாவது அவ கை நடுங்கியிருக்கணும். எழுதினவர் அதைக் காட்ட மறந்துட்டார்."

எழுதியவர் மேல் அவருக்குத் தனிக் கண்டிப்பு. பார்த்திராத, பெயர் தெரியாத ஒரு வெள்ளைக்காரரைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கண்டிப்பதுபோலக் கண்டிப்பார். "ஒரு ஆளைக் கதைக்குள்ள கூட்டிட்டு வந்தா, அவரை ஒழுங்கா அனுப்பி வைக்கிற பொறுப்பும் எழுதினவருக்குத்தான். வந்தவர் என்ன ஆனார்னு தெரியாம விட்டுட்டா, பார்க்கறவங்க எப்படித் தூங்கறது?"

இவ்வளவும் எங்கிருந்து படித்தார் என்று கேட்டேன். "படிக்கிறதா? எட்டு மணி நேரம் ஊர்ல இருக்கறவங்க பேசறது காதுல விழுது. ஹலோன்னு சொல்றதுலயே ஆள் வந்துடும். பொண்டாட்டிகிட்ட பேசறவன் யாரு, பொண்டாட்டின்னு சொல்லிக்கிட்டு பேசறவன் யாரு, எல்லாம் தெரியும். நான் காதால பொழைக்கிறவம்மா."

இனி ஓடக்காரருக்கு வருகிறேன். வராமல் முடியாது.

நாலாம் பாகத்தில் இரண்டு நிமிஷம் ஓர் ஓடக்காரர் வருகிறார். வழுக்கைத் தலை, நீளமான கை. சிறுமியைக் கரையில் இறக்கிவிட்டு, "உன் நிழல் அக்கரையில் இருக்கலாம், தேடிப் பார்க்கிறேன்" என்கிறார். பிறகு ஓடத்தைத் தள்ளிக்கொண்டு மூடுபனிக்குள் போய்விடுகிறார். போகும்போது ஒரு வார்த்தை சொல்கிறார். நான் மைக்கில், "போயிட்டு வரேம்மா" என்று படித்தேன்.

ஐந்தாம் பாகத்தில் ஓடக்காரர் வரவில்லை. ஆறில் இல்லை. ஒவ்வொரு மாதமும் விளக்குப் போட்டதும் அக்காவின் முதல் கேள்வி அதுதான். "இந்த ஆள் எங்கம்மா போனார்? வரேன்னு சொல்லிட்டுப் போனாரே?" எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. அப்புறம் சனிக்கிழமை வந்தாலே தாளில் ஓடக்காரர் இருக்கிறாரா என்றுதான் முதலில் தேடினேன். இல்லை.

ஏழாம் பாகம் போட்ட மாலை ஃப்யூஸ் போய்விட்டது. புரொஜெக்டர் அண்ணன் கம்பி தேடப் போக, நாங்கள் இருவரும் ஹால் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். தலைக்கு மேலே ஏர்ஃபோர்ஸ் விமானம் ஒன்று தாழப் பறந்து போயிற்று. சத்தம் அடங்கியதும் அக்கா தானாகவே பேசினார்.

"எங்க வீட்டுக்காரர் போய் எட்டு வருஷம் ஆச்சு. உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

தெரியும். நாங்கள் அங்கே குடிவருவதற்கு முன்பே நடந்ததுதான், ஆனாலும் காலனியில் எல்லோருக்கும் தெரியும். டிபன் பாக்ஸோடு காலையில் ரயிலேறப் போன மனுஷன். ஆபீஸுக்குப் போய்ச் சேரவில்லை. ஆஸ்பத்திரி, போலீஸ் எல்லாம் தேடியாயிற்று. கடன் இல்லை, சண்டை இல்லை. வேறு குடித்தனம் வைத்திருக்கிறார் என்றார்கள், ரயிலில் அடிபட்டார் என்றார்கள், சாமியாராகிவிட்டார் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"அன்னைக்கு நான் அடுப்படியில இருந்தேன். முகத்தைக்கூட பார்க்கல. 'வரேன்'னு சொன்னார். நான் 'ம்'னேன். எட்டு வருஷமா அந்த ஒரு வார்த்தையைத் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்துட்டேன். அதுல ஒண்ணுமே இல்லம்மா. பொய் இல்ல, நடுக்கம் இல்ல. சாயங்காலம் வரப்போறவன் சொல்ற வரேன். எனக்குத் தெரியாதா?"

படப்பையிலிருந்து கணவரின் அண்ணன், அக்காவுக்கு மூத்தார், மாதம் ஒரு முறை வருவார். நல்ல மனுஷர்தான். "அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. பெத்த பிள்ளைக்கு ஒரு பிடி சோறு வைக்காம கண்ணை மூடிடுவேனோன்னு அழறாங்க. வைக்கோல்ல உருவம் செஞ்சு காரியம் பண்ணிடலாம்மா. நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு" என்று கெஞ்சுவார். அக்கா சரி சொன்னால் கணவர் இறந்துவிட்டார் என்று அர்த்தம். குங்குமமும் தாலியும் போகும். அது பெரிதில்லை என்பார் அக்கா. "என் வாயால சொல்லணும்ல? உயிரோட எங்கயோ சோறு தின்னுட்டு இருக்கிற மனுஷனை நான் என் வாயால கொல்லணும்ல?"

அதற்குப் பிறகு அவர் ஓடக்காரரைக் கேட்கும்போதெல்லாம் நான் மைக் ஒயரைச் சுற்ற ஆரம்பித்துவிடுவேன்.

ஒன்பதாம் பாகம் முடிந்ததும் என்னை ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். அந்த நாட்டு அலுவலகத்துக்கு. 'நாலாம் பாகத்தில் வரும் ஓடக்காரர் பிறகு என்ன ஆனார் என்று தயவுசெய்து தெரிவிக்கவும்.' பதில் வந்தது. எங்கள் திரைப்படங்களில் தாங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி என்று அச்சடித்த ஓர் அட்டை. பின்பக்கம் அந்த நாட்டு ஏரி ஒன்றின் வண்ணப்படம். அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஏரியில் ஓடம் இருக்கிறதா என்று பார்க்கிறார் எனப் புரிந்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

பத்தாம் பாகமும் போயிற்று. ஆடி அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. காரியத்தை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று படப்பையிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்கள். அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"கடைசி பார்ட்ல ஓடக்காரர் வந்தா நான் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கிறேன்னு மூத்தார்கிட்ட சொல்லிடுவேன். வரலேன்னா சரின்னுடுவேன். எனக்கும் யாராவது ஒருத்தர் முடிவு சொல்லணுமேம்மா."

"என்னக்கா இது, பொம்மைப் படத்தை வெச்சா?"

"கோயில்ல பூ கட்டிப் போட்டுப் பார்க்கிறதில்லையா? அந்த மாதிரிதான்."

கடைசி டப்பாவை வாங்கிய அன்று ரயிலிலேயே தாளைப் பிரித்துப் படித்தேன். சிறுமிக்கு நிழல் திரும்பக் கிடைக்கிறது. கரையில் ஊரே கூடி நிற்கிறது. முடிந்தது. ஓடக்காரர் இல்லை. எழுதியவர் அவரைச் சுத்தமாக மறந்தே போயிருந்தார். சைதாப்பேட்டையிலிருந்து தாம்பரம் வரைக்கும் எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

சனிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. அக்கா வழக்கமான இடத்தில், எனக்கு நேர் பின்னால். கடைசிக் காட்சியில் கரை, கூட்டம், பின்னால் தண்ணீர். தண்ணீரின் கோடியில் வெள்ளையாக ஒரு சின்னக் கோடு. அலையாக இருக்கலாம், வரைந்தவர் தூரிகை தெறித்ததாகவும் இருக்கலாம். தாளில் வரிகள் தீர்ந்துவிட்டன. நான் மைக்கை இழுத்துக்கொண்டு சொன்னேன்: "அதோ பாருங்கள், தூரத்தில் ஓடக்காரர் வந்துகொண்டிருக்கிறார்!"

ஹால் முழுவதும் கைதட்டியது. எனக்குப் பின்னால் மட்டும் சத்தமே இல்லை. விளக்குப் போட்டுத் திரும்பினால் நாற்காலி காலி.

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அக்கா சர்ச் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததே இல்லை.

"கடைசி வரி பேப்பர்ல இல்ல, இல்ல?"

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"பேப்பரைப் பார்த்துப் படிக்கிறப்போ உன் குரல் வேற. நேத்து அந்த இடத்துல மட்டும் வேண்டிக்கிற மாதிரி இருந்துது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்காக சொன்ன. தெரியும். நல்ல பொண்ணு நீ." பிறகு, "எழுதினவர் விட்டாலும் அந்த மனுஷன் வாக்கு கொடுத்தது கொடுத்ததுதானே? வரேன்னு சொன்னாரில்ல? படம் முடிஞ்சா என்ன, எங்கயோ வந்துட்டுத்தான் இருப்பார். நான் மூத்தார்கிட்ட அடுத்த வருஷம் பார்க்கலாம்னு சொல்லிடப் போறேன்" என்றார். அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடுத்தது என்னை அல்ல. அப்போதுதான் பிரசங்கத்தில் உண்மையைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்திருந்தேன். ஒரு பொய்யை ஒப்புக்கொண்ட சுகத்தில் இன்னொன்றையும் இறக்கி வைத்துவிட ஆசைப்பட்டேன்.

"அக்கா, இன்னொண்ணும் சொல்லிடறேன். ஓடக்காரர் வரேன்னே சொல்லல. அதுவும் நான் சொன்னதுதான்."

என் கை அவர் கையிலிருந்து நழுவியது.

"பின்ன பேப்பர்ல என்ன இருந்துது?"

"குட்பை."

"குட்பைன்னா வரேன்னு அர்த்தமா?"

"இல்லக்கா. குட்பைன்னா... அவ்வளவுதான். போறேன்."

"அப்போ ஏன் வரேன்னு படிச்ச?"

எனக்கு உண்மையாகவே பதறியது. தப்புச் செய்த பிள்ளை சாக்குத் தேடுவதுபோல அவசரமாகச் சொன்னேன். "வேற எப்படிக்கா படிக்கிறது? நம்ம ஊர்ல யாராவது போறேன்னு சொல்வாங்களா? வாசலைத் தாண்டறவங்க யாரா இருந்தாலும் வரேன்னுதானே சொல்வாங்க? சாவுக்குப் போறவன்கூட வரேன்னுதான் சொல்லிட்டுப் போவான். அது சும்மா ஒரு பேச்சுக்கா. அதுக்கு அர்த்தமே கிடையாது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதிலேயே விழுந்தது.

அக்கா ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. "அர்த்தமே கிடையாதா" என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். கேள்வியாகச் சொல்லவில்லை. பிறகு, "சரிதான். தமிழ்ல போறவங்களுக்கு வேற வார்த்தையே இல்ல, இல்ல? எனக்கு எட்டு வருஷமா இது தோணவே இல்ல பாரு" என்றார்.

"அக்கா, நான் உங்களைச் சொல்லல. ஓடக்காரரைத்தான்..."

"தெரியும்மா."

வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். அவர் படப்பை பஸ்ஸில் ஏறி உட்காரும்வரை நான் சர்ச் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆடி அமாவாசையன்று காரியம் நடந்தது. வைக்கோல் உருவத்துக்கு அவருடைய பழைய சட்டை ஒன்றைப் போட்டார்களாம். அக்கா அழவில்லையாம். பத்து நாள் கழித்து ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பார்த்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார், சாப்பிட்டாயா என்று கேட்டார். குறை ஒன்றும் இல்லை. அந்த மாமியார் நிம்மதியாகக் கண்ணை மூடினார். அக்காவுக்கு எக்ஸ்சேஞ்சில் பிரமோஷன் வந்தது. நீ அவருக்கு நல்லதுதானே செய்தாய் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்வார். இருக்கலாம். அந்தக் கணவர் எங்கேயாவது உயிரோடு இருந்தாரா, அன்றைக்கே இறந்துவிட்டாரா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. என் ஒரு வார்த்தையால்தான் அவருக்குக் காரியம் நடந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

மூன்று மாதம் கழித்து ஹாலுக்குப் புதுக் கதை வந்தது. பறக்கத் தெரியாத டிராகன், அதை வளர்க்கும் ஓர் ஊமைச் சிறுவன். அக்கா வருவாரோ மாட்டாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். வந்தார். அதே இடத்தில் உட்கார்ந்தார். படம் முடிந்ததும் எழுந்து, "நல்லா இருந்துது" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதமும் "நல்லா இருந்துது." அதற்கடுத்த மாதமும் அதே.

எனக்குத் தாங்கவில்லை. நாலாவது மாதம் படம் தொடங்கும் முன்பே தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"அக்கா, இன்னைக்கு இந்த டிராகன் முதல் தடவையா வாயைத் திறந்து பேசுது. சின்ன வயசா, பெரிய வயசா, எனக்கு ஒண்ணுமே புரியல. அவன்னு சொல்லட்டுமா, அவர்னு சொல்லட்டுமா? நீங்க சொல்லுங்க."

அவர் தாளைக் கையில் வாங்கவில்லை. அன்போடுதான் என் தோளைத் தட்டினார்.

"பேப்பர்ல என்ன போட்டிருக்கோ, அதைப் படிச்சுடும்மா. போதும்."